மட்டப்பாவைத் தாங்கும் பர்மாக் கட்டைகள்

போன மாசம் திருத்தங்கல் போயிருந்தேன். ஆச்சி வீட்டு மட்டப்பா ஒழுகுதுன்னு கொத்தனாரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். "மேல மூணு இஞ்ச் கான்கிரீட் போட்டுட்டா கவலை இல்ல அண்ணாச்சி"ன்னு சொன்னார். எனக்குத்தான் கவலை வந்துச்சு. அதனால வந்த பதிவு இது.

இங்கிலாந்துல இப்போ புது வீடுகளுக்கு வரிசையா கான்கிரீட் உத்திரம் வச்சு, நடுவுல கல்லை அடுக்கித் தளம் போடுறாங்க. பிளாக் அண்ட் பீம்னு பேரு. நம்ம ஊர் மெட்ராஸ் டெரஸ் இதுக்கு அண்ணன் முறை. தேக்குக் கட்டைகளை ஒரு முழத்துக்கும் குறைவான இடைவெளியில வரிசையா வைப்பாங்க. அதுமேல ஒரு இஞ்ச் கனமுள்ள சின்னச் செங்கலைக் குத்துவாக்குல, குறுக்குச் சாய்வா, சுண்ணாம்புக் காரையில ஒட்டிக்கிட்டே போவாங்க. கீழே பலகை முட்டு கிடையாது. முந்தின வரிசையில ஒட்டியே அடுத்த வரிசை நிக்கும்! அதுக்குமேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய், கருப்பட்டித் தண்ணி தெளிச்சு, சித்தாளுங்க நாள் கணக்கா கட்டையால அடிப்பாங்க. கடைசியா தட்டோடு.

தேக்கு எங்கிருந்து வந்துச்சு? பெரும்பாலும் பர்மா. 1826 யாண்டபோ உடன்படிக்கையில டெனாசரிம் ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. 1852 போர்ல ரங்கூனும் போச்சு. அப்புறம் தேக்கு கப்பல் கப்பலா வங்காள விரிகுடாவைத் தாண்டுச்சு. 1942 மார்ச்ல ஜப்பான் ரங்கூனைப் பிடிச்சதும் அந்த வரத்து நின்னுச்சு. சிமெண்டும் கம்பியும் பரவினதும் அந்தக் கைவேலையும் மெல்ல மறைஞ்சு போச்சு.

எங்க பக்கம் வறண்ட காத்து. 1923-ல சிவகாசியில தீப்பெட்டித் தொழில் காலூன்ற அது தோதா இருந்துச்சு. கட்டைக்கும் அது நல்லதுதான். ஈரந்தான் எமன். சுவத்துக்குள்ள புதைஞ்ச கட்டை முனைதான் முதல்ல உளுத்துப்போகும்.

இப்போ கணக்குக்கு வருவோம். பத்துக்குப் பன்னிரண்டு அறை. மூணு இஞ்ச் கான்கிரீட் போட்டா ஏறக்குறைய இரண்டு டன் எடை கூடுது. முனை உளுத்த கட்டை அதைத் தாங்குமா? ஒழுகல் நிக்கும், தளமே கீழே வரும்!

கொத்தனார்கிட்ட இந்தக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தவர், ஒரு கம்பியால கட்டை முனைகளைக் குத்திப் பார்த்தார். ஒண்ணுல மட்டும் கம்பி பொதுக்குன்னு இறங்குச்சு. "இதை மட்டும் முட்டுக் கொடுத்து மாத்திருவோம். மேல தட்டோட்டைப் பேத்து, சுண்ணாம்புலயே திரும்பப் பதிச்சுக்கலாம்"னார்.

சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆளைத்தான் இப்போ தேடிக்கிட்டிருக்கோம். உங்க ஊர்லயும் மட்டப்பா வீடு இருந்தா, கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி கட்டை முனையை ஒருதடவை குத்திப் பாத்துருங்க.