சுயவிபரக்கோவை: ஒழுங்கமைப்பதும் அழிப்பதும்

ரொறொன்ரோவில் இரவு வேலை முடித்து வந்த ஒரு காலையில் அக்காவின் மகன் தனது சுயவிபரக்கோவையை என் முன் வைத்தான். எத்தனையோ மென்பொருள் நிறுவனங்களுக்கு அனுப்பியும் ஒரு நேர்முகத்துக்குக்கூட அழைப்பில்லை. "மாமா, நீங்கள் கம்பஸிலை படிப்பிச்சனீங்கள். இதிலை என்ன பிழையெண்டு பாருங்கோ" என்றான். இன்று பொதிசெய்யும் தொழிற்சாலையில் நிற்கும் முன்னாள் வரலாற்று விரிவுரையாளன் நான். அந்தத் தாள்களில் எனக்கு முதலில் தெரிந்தது அவற்றின் வரலாறுதான்.

இவ்வடிவத்தின் முன்னோடியாக அடிக்கடி சுட்டப்படுவது, 1482 அளவில் லியனார்டோ டா வின்சி மிலானின் ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்ஃபோர்ஸாவுக்கு வரைந்த கடிதம். பாலங்கள், பீரங்கிகள், மூடிய போர்வண்டிகள் என்று தன் திறன்களை அவர் அடுக்குகிறார். ஓவியம் கடைசியில்தான் வருகிறது. ஆக, ஆரம்பத்திலிருந்தே இங்கு ஒழுங்கைத் தீர்மானிப்பது எழுதுபவரின் வாழ்க்கையல்ல, வாசிப்பவரின் தேவை.

வாசிப்பவர் மாற வடிவமும் மாறியது. 1980களின் இறுதியில் கலிபோர்னியாவில் ரெசுமிக்ஸ் என்ற நிறுவனம், சுயவிபரங்களைக் கணினியால் வாசித்துத் தரம்பிரிக்கும் முறையை உருவாக்கியது. இன்று பெருநிறுவனங்களில் பெரும்பாலும் முதல் வாசகர் இயந்திரமே. மருமகன் இரண்டு நிரல்களும் கட்டங்களுமாக அழகாக அமைத்திருந்தான். சில மென்பொருள்கள் இடது நிரலையும் வலது நிரலையும் ஒரே வரியாக ஒட்டி வாசித்துவிடும். ஒற்றை நிரலாக்கினோம். திறன்கள், அனுபவம், கல்வி என வழக்கமான தலைப்புகள் இட்டு, அண்மைய வேலையை முதலில் வைத்தோம். "கடின உழைப்பாளி" என்பதை வெட்டி, எந்தக் கணினிமொழியில் எதைச் செய்துமுடித்தான் என்று எழுதினோம். ஊர்ப்பழக்கத்தில் சேர்த்திருந்த படம், பிறந்த திகதி, திருமணநிலை மூன்றையும் நீக்கினோம்.

பெயரை என்ன செய்வது? பொருளியலாளர் பிலிப் ஒரெயோபௌலொஸ் ரொறொன்ரோவில் ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அனுப்பி நடத்திய ஆய்வு 2011 இல் வெளியானது. ஒத்த தகைமை இருந்தும், இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களைவிட ஆங்கிலப் பெயர்களுக்கே கூடுதலான அழைப்புகள் வந்தன. இதை எந்த ஒழுங்கமைப்பும் திருத்தாது.

கடைசியில் அவன் தயங்கிக் கேட்டான்: "அகதி வழக்கு நடந்த அந்த நாலு வருசத்தையும் எடுத்துவிடவோ?" அக்காலம் முழுவதும் அவன் களஞ்சியசாலையில் பெட்டி தூக்கியவன். நிரந்தர வதிவிட விண்ணப்பமோ ஒரு மாதத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்றது. அரசுக்கு இடைவெளியற்ற சரிதை வேண்டும். சந்தைக்கு எம் சரிதையில் பாதி வேண்டாம்.

2026 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் 25 பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் நிறுவனங்கள், பகிரங்க விளம்பரங்களில் கனடிய அனுபவம் கோரக்கூடாது. விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதையும் அறிவிக்கவேண்டும். நல்லதுதான். ஆனால் கத்தரிக்கோல் எமது கையிலும் இருக்கிறது. ஓரிடத்தில் "தகைமை கூடிப்போச்சு" என்று திருப்பி அனுப்பிய பிறகு, விரிவுரையாளர் என்ற வரியை நானே வெட்டினேன். அடுத்த தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பிறகு அந்த வரியை எங்கும் நான் எழுதவேயில்லை.

அவனது நான்கு வருடங்களையும் ஒரு வரியாக வைத்தோம்: களஞ்சியப் பணியாளர். அதன் கீழ் அக்காலத்தில் இரவுகளில் அவன் படித்துமுடித்த கணினிப் பாடங்கள். முதலில் வேலை கிடைக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று வாதிடும் நண்பர்களை நான் மறுக்கவில்லை. அந்தப் "பிறகு" எனக்கு இன்னும் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.