புதுச்சேரியிலிருந்து மலைக்குப் போன துப்பாக்கி: நீலகிரி வேட்டை வரலாற்றில் ஒரு விடுபடல்

நீலகிரி வேட்டையின் வரலாறு பெரும்பாலும் உதகமண்டலத்து ஆங்கிலேயரின் ஏடுகளைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைக் குறிப்புகள், 1877இல் தோன்றிய நீலகிரி வேட்டைச் சங்கம், 1879இல் சென்னை மாகாணம் நீலகிரிக்கென இயற்றிய வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஆகியவையே அதன் வழக்கமான சான்றுகள். வரையாடும் கடமானும் காட்டுமாடும் அங்கே நாயகர்கள்; கொம்பின் நீளமே அளவுகோல். அதே மலைக்குப் புதுச்சேரியிலிருந்தும் ஒரு துப்பாக்கி போயிற்று. அதை அறிவியல் வரலாற்றில் சேர்த்துவிட்டு வேட்டை வரலாற்றிலிருந்து விலக்கி வைத்தது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1816இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷெனோ தெ லா தூர் 1819இல் நீலகிரி ஏறினார். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் அம்மலையில் கால்வைத்ததும் அதே ஆண்டில்தான். ஆகவே சல்லிவன் மலையேறிய ஆண்டிலேயே புதுச்சேரிக்கும் மலைக்கும் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. அடுத்த தலைமுறையில் 1834 முதல் 1839 வரை கிழக்கில் பயணம் செய்த அடோல்ஃப் தெலெசேரும், புதுச்சேரியிலேயே வாழ்ந்து 1870இல் மறைந்த தாவரவியலாளர் பெரோத்தேயும் அவ்வழியே சென்றனர்.

இவர்கள் சேகரித்த முறையைக் கவனித்தால் அது வேட்டை என்பதில் ஐயம் எழாது. அன்று பறவையைக் கையில் எடுத்துப் பாராமல் விவரிக்க வழியில்லை. எடுக்க வேண்டுமானால் சுட வேண்டும். தோலும் இறகும் சிதையாதிருக்கச் சிறு ரவையே ஏற்றது. விழுந்த பறவையை வெயில் ஏறுமுன் உரிக்க வேண்டும். உட்புறத்தில் ஆர்செனிக் சோப்பு பூசி, பஞ்சடைத்து, சீட்டுக் கட்ட வேண்டும். மெட்ஸ் நகரத்து பெக்கேர் 18ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த இந்தச் சோப்பு இல்லாதிருந்தால், மாதக்கணக்கான கடற்பயணத்தில் பூச்சி அரித்து, பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு வெறும் தூசியே போய்ச் சேர்ந்திருக்கும்.

சிறியது எது, பெரியது எது என்ற கணக்கும் இங்கே தலைகீழாகிறது. உதகையின் வேட்டைக்காரருக்கு ஆயிரம் கிலோவை எட்டும் காட்டுமாடு பெருமை. புதுச்சேரி வழிச் சேகரிப்பிலோ புதுமையே பெருமை. 1842இல் விலங்கியலாளர் துவெர்னுவா பெரோத்தேயின் பெயரைச் சூட்டி விவரித்த நீலகிரி மூஞ்சூறு இரண்டு கிராம் அளவே எடை உடையது. உலகின் மிகச்சிறு பாலூட்டிகளுள் வைத்து எண்ணப்படுவது. தெலெசேரின் பெயர் தாங்கிய சிரிப்பான் பறவையை 1839இல் பறவையியலாளர் ஜெர்டன் விவரித்தார். மண்ணுக்குள் வாழும் ஒரு கேடயவால் பாம்பும் பெரோத்தேயின் பெயரோடு நிற்கிறது. இவற்றுள் எதுவும் எந்த வரவேற்பறைச் சுவரையும் அலங்கரித்திருக்காது.

இவர்களுக்கு முன்னோடியான பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெராவின் கதை இன்னும் ஆழமானது. தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கு 1813இல் விலங்கியலாளர் தெம்மிங்க் அவர் பெயரையே இட்டார். வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே என்று சொன்னெரா கருதினார். டார்வின் செங்காட்டுக்கோழியையே மூதாதையாகக் கொண்டார். டார்வினின் முடிவே நின்றது. ஆயினும் வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குரிய மரபணுக்கூறு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சொன்னெரா முற்றிலும் தவறவில்லை. அதே சொன்னெராதான் ஆஸ்திரேலியாவின் குக்கபரா பறவையை நியூ கினியாவைச் சேர்ந்தது என்று எழுதினார். அந்தப் பிழை இன்றும் அப்பறவையின் அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே கொல்லப்பட்டது, யார் கையால் வந்தது என்ற செய்தி விடுபட்டால் அறிவியலே வழிதவறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

யார் கையால் என்ற கேள்விதான் என்னை இந்த ஆய்வில் நிறுத்தியது. சோலைக்குள் எப்பறவை எந்நேரம் இறங்கும், எந்தக் கல்லடியில் எந்தப் பாம்பு கிடக்கும் என்பதைச் சில வாரங்கள் தங்கிச் சென்ற ஒருவர் தாமாக அறிந்திருக்க முடியாது. நீலகிரிச் சரிவுகளில் கண்ணியும் வலையும் கொண்டு சிறுவேட்டையாடிய இருளர், குறும்பர் போன்றோரின் அறிவு அந்தச் சேகரிப்புகளில் கலந்திருக்க வேண்டும் என்றே முடிவு செய்கிறேன். உயிரினங்களின் பெயர்களிலோ சேகரித்தவர் ஒருவரே நிற்கிறார். மலை மக்களின் வேட்டையறிவைப் புதுச்சேரி வழிச் சேகரிப்பு பெயரின்றி உள்வாங்கியது. 1879இன் சட்டமோ உரிமத்துக்கும் தடைக்காலத்துக்கும் இடம்கொடுத்து, உணவுக்கான வேட்டையையும் பொழுதுபோக்கு வேட்டையின் விதிகளுக்குள் கொண்டுவந்தது. இரண்டும் வெவ்வேறு அதிகாரங்கள், இழந்தவர்கள் ஒருவரே.

சேகரிப்பாளர் கொன்றது சிறு எண்ணிக்கை, வரையாட்டை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது பொழுதுபோக்கு வேட்டையும் புல்வெளி அழிப்புமே என்று மறுக்கலாம். அது உண்மைதான். 2024இல் தமிழகம் நடத்திய கணக்கெடுப்பில் வரையாடுகள் 1,031 மட்டுமே. ஆனால் கொலையின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் வேட்டையை வரையறுத்தால், கொன்றதிலிருந்து எழுந்த அறிவு யாருடையது என்ற கேள்வி விழுந்துவிடும்.

1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்குத்தொடர்ச்சி மலையின் காடுகளை வரைபடமாக்கியது. அதன் உலர்தாவரத் தொகுப்பு இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகிறது. கடற்கரை நகரம் ஒன்று மலையைப் படிப்பது அங்கே துப்பாக்கியின்றித் தொடர்கிறது. பாரிஸில் உள்ள பழைய தோல்களின் சீட்டுகளையும், அவற்றோடு சென்ற கடிதங்களையும் கூலிக் கணக்குகளையும் அந்நிறுவனம் போன்றவை வேட்டை ஆவணங்களாகவே மறுபடி வாசிக்க வேண்டும். சேகரித்தவர் பெயருக்குப் பக்கத்தில் பிடித்துத் தந்தவர் என்றொரு பத்தியைத் திறந்து, தனிப்பெயர் கிடைக்காத இடத்தில் குடியின் பெயரையோ ஊரின் பெயரையோ சான்றின் அளவுக்கு எழுதுவதே முதல் வேலை.