ஒன்றரை ஸ்பேஸ்

நம் கல்லூரியில் பிராஜக்ட் ரிப்போர்ட் போட்டவர்கள் 'ஒன்றரை ஸ்பேஸ்' என்பதை மறந்திருக்க முடியாது. அது டைப்ரைட்டர் காலத்துச் சொத்து. உருளையின் பக்கத்தில் 1, 1½, 2 என்று ஒரு சின்ன நெம்புகோல். ஒற்றை வரி என்றால் அங்குலத்துக்கு 6 வரி. அதற்கும் முன்னால் அச்சகங்களில் வரிகளுக்கு நடுவே ஈயத் தகடு செருகினார்கள். 1978-இல் வந்த வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோல்-ஓ-எஸ் தட்டி முழு எண்தான் கொடுக்கலாம். ஒன்றரை வேண்டுமானால் வரி உயரத்தை 8-லிருந்து 12 ஆக்கணும், அதாவது அங்குலத்தை 48 ஆக வெட்டி அதில் 12 பங்கு!

நான் 2010-இல் கடைசி வருஷம். நாலு பேர் நாலு அத்தியாயம் அடித்தோம். இருவரிடம் வேர்ட் 2003, இருவரிடம் 2007. பழையது தானாக ஒற்றை வரி வைக்கும். புதியது 1.15 வைத்து, பத்தி முடிந்தால் 10 பாயின்ட்டும் சேர்க்கும். இது யாருக்குத் தெரியும்? என்டர் தட்டித் தட்டியே சரிக்கட்டினோம். பிரின்ட் எடுத்தால் பொருளடக்கத்தில் பக்கம் 31, அத்தியாயம் கிடப்பதோ 34-இல். வைவாவுக்கு முந்தின நாள் கைடு கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார்.

லேப் அண்ணன்தான் காப்பாற்றினார். பத்திக் குறிகளைக் காட்டும் பட்டனை அமுக்கினார். திரை முழுக்கக் காலிப் பத்திகள்.

"எத்தனை என்டர்டா தட்டியிருக்கீங்க?"

எல்லாவற்றையும் எங்களையே அழிக்க வைத்தார். பிறகு மொத்தத்தையும் செலக்ட் செய்து கன்ட்ரோல்-5. ஒன்றரை வந்துவிட்டது. பத்திக்குப் பின்னுள்ள இடைவெளியைத் தனியாகப் பூஜ்யமாக்கச் சொன்னார். தம்பி தங்கைகளே, இதை அடிக்க ஆரம்பிக்கும் முன்பே ஸ்டைலில் வைத்துவிடுங்கள்.

பைண்டிங் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்து உள்ளே போனோம்.