பூட்டை எடுத்த பிறகு: பல்கோர் கணினிகளின் உடனிகழ் தரவுக் கட்டமைப்புகள், 1965–2023

ஒரே நினைவகத்தைப் பல இழைகள் ஒரே நேரத்தில் தொடும்போது தரவு குலையாமல் காப்பது எப்படி என்ற கேள்விக்கு வயது அறுபது. இத்துறையின் வரலாற்றைப் பூட்டிலிருந்து விடுபட்ட கதையாகச் சொல்வதே வழக்கம்: முதலில் பூட்டு, அடுத்து மேம்பட்ட பூட்டு, கடைசியில் பூட்டே இல்லாத அல்காரிதம். இந்தச் சித்திரம் பாதிதான் சரி என்பது இக்கட்டுரையின் வாதம். பூட்டை நீக்கும் வழி 2001க்குள் பெருமளவு தெரிந்துவிட்டது. ஆனால் பூட்டு அதுவரை சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. நீக்கப்பட்ட கணுவின் நினைவகத்தை எப்போது திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் அதுவே தீர்மானித்து வந்தது. பூட்டு போன பிறகு அந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்பதில்தான் ஆய்வாளர்கள் அடுத்த இருபது ஆண்டுகளாகத் திணறினார்கள்.

டைக்ஸ்ட்ரா 1965இல் வெளியிட்ட கட்டுரை ஒரு பக்கம்தான். எத்தனை கணினிகள் இருந்தாலும் குறிப்பிட்ட பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே நுழையும்படி செய்வது எப்படி என்று அது காட்டியது. இரண்டுக்கான தீர்வை டெக்கர் என்ற டச்சுக் கணிதவியலாளர் ஏற்கெனவே கண்டிருந்தார். மறு ஆண்டே ஹைமன் என்பவர் எளிய தீர்வு ஒன்றை அச்சிட்டார்; அது தவறு என்று க்னூத் அதே ஆண்டில் சுட்டிக்காட்டினார். பார்த்தால் சரியாகத் தோன்றி, இழைகள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் குறுக்கிட்டால் மட்டும் உடைந்துபோகும் அல்காரிதம்கள் இத்துறையில் அன்றும் இருந்தன, பின்னரும் வந்தன. 1974இல் லாம்போர்ட் வெளியிட்ட 'பேக்கரி' அல்காரிதம் கடையில் எண் சீட்டு வாங்கி நிற்கும் முறையைப் பின்பற்றியது. ஒருவர் எண்ணை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதைப் படித்துத் தப்பான எண்ணைப் பெற்றாலும் அல்காரிதம் பிசகாது என்பது அதன் தனிச்சிறப்பு.

எண்பதுகளில் பல செயலிகள் கொண்ட இயந்திரங்கள் சந்தைக்கு வந்தபின் சிக்கல் தர்க்கத்திலிருந்து வேகத்துக்கு நகர்ந்தது. பூட்டு திறக்கக் காத்திருக்கும் எல்லாச் செயலிகளும் நினைவகத்தின் ஒரே இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த இடம் மாறும் ஒவ்வொரு முறையும் எல்லோருடைய கேஷ் பிரதியும் செல்லாததாகிவிடும். செயலிகள் கூடக் கூட இயந்திரம் மெதுவாகும். 1991இல் மெல்லர்-கிரம்மியும் மைக்கேல் ஸ்காட்டும் இதற்கு வழி கண்டார்கள். காத்திருப்பவர்கள் வரிசையில் சேர்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் சொந்தக் கணுவில் உள்ள கொடியை மட்டும் பார்க்கிறார்கள். முன்னால் இருப்பவர் வேலை முடிந்ததும் அடுத்தவரின் கொடியை மாற்றிவிட்டுப் போகிறார். பிபிஎன் பட்டர்ஃபிளை, சீக்வென்ட் சிமெட்ரி என்ற இருவேறு அமைப்புகள் கொண்ட இயந்திரங்களில் இதைச் சோதித்தார்கள். லினக்ஸ் கர்னல் இந்தக் கருத்தின் வழிவந்த பூட்டை 2015இல்தான் தன் அடிப்படைச் சுழல்பூட்டாக ஏற்றது. இடைவெளி 24 ஆண்டுகள்.

எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் ஒரு குறை போகாது. பூட்டைப் பிடித்த இழையை இயங்குதளம் பாதியில் நிறுத்தி வைத்தால் மற்ற அனைவரும் சும்மா நிற்க வேண்டியதுதான். பூட்டே இல்லாமல் செய்ய வன்பொருளிடம் என்ன கேட்க வேண்டும்? மாரிஸ் ஹெர்லிஹி 1988இல் முன்வைத்து, 1991இல் முழுமையாக வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. படித்தல், எழுதுதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு இழைகளுக்குக்கூட யாரும் காத்திருக்கத் தேவையில்லாத வரிசையை உருவாக்க முடியாது என்று அவர் நிறுவினார். அன்றைய வன்பொருள் வடிவமைப்பாளர்கள் நம்பியிருந்த 'சோதித்து அமை', 'எடுத்துக் கூட்டு' போன்ற கட்டளைகளால் இரண்டு இழைகளுக்குத்தான் ஒருமித்த முடிவு எடுத்துத் தர முடியும், மூன்றுக்கு முடியாது. 'ஒப்பிட்டு மாற்று' கட்டளைக்கோ அப்படி வரம்பு இல்லை. நினைவக இடத்தில் நான் எதிர்பார்க்கும் மதிப்பு இருந்தால் புதிய மதிப்பை வை, இல்லாவிட்டால் தோல்வி என்று சொல் — அவ்வளவுதான் அந்தக் கட்டளை. ஐபிஎம் சிஸ்டம்/370 எழுபதுகளிலேயே அதைக் கொண்டிருந்தது. இன்டெலின் 80486 சில்லு 1989இல் அதைக் கொண்டுவந்தது. ஒரு கட்டளையின் தகுதியை அதன் வேகத்தால் அல்லாமல் அதனால் எதைக் கட்ட முடியும் என்பதால் அளந்த முதல் பெரிய ஆய்வு இது என்பேன். பூட்டில்லாத கட்டமைப்பு சரியாக நடக்கிறது என்றால் என்ன பொருள் என்பதற்கும் ஹெர்லிஹியும் விங்கும் 1990இல் வரையறை தந்தார்கள்: ஒவ்வொரு செயலும் அழைப்புக்கும் திரும்புதலுக்கும் இடையே ஏதோ ஒரு கணத்தில் முழுமையாக நிகழ்ந்ததுபோல் தோன்ற வேண்டும்.

ஐபிஎம்மின் டிரைபர் 1986இலேயே அந்தக் கட்டளையைக் கொண்டு பூட்டற்ற அடுக்கை எழுதியிருந்தார். அடுக்கின் உச்சியைப் படி. அதன் அடுத்த கணுவைக் குறித்துக்கொள். உச்சி மாறாமல் இருந்தால் அதை அடுத்த கணுவுக்கு நகர்த்து. இதைவிட எளிதாக எழுதவே முடியாது. ஆபத்தும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. அடுக்கில் மேலிருந்து அ, ஆ, இ என்று மூன்று கணுக்கள் என்று கொள்வோம். முதல் இழை உச்சி அ என்றும் அடுத்தது ஆ என்றும் படித்துவிட்டு நின்றுவிடுகிறது. இதற்குள் இரண்டாம் இழை அ-வையும் ஆ-வையும் எடுத்து விடுவிக்கிறது. பிறகு புதிய தரவு ஒன்றைச் சேர்க்க நினைவகம் கேட்கிறது; அ இருந்த அதே முகவரி திரும்பக் கிடைக்கிறது. இப்போது அடுக்கு அ, இ. முதல் இழை விழித்து ஒப்பிடுகிறது. உச்சி இன்னும் அ-தான், சோதனை வெற்றி. உச்சி ஆ-வுக்கு நகர்கிறது. ஆ எப்போதோ விடுவிக்கப்பட்ட கணு, இ தொலைந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வராது.

சுட்டியோடு ஓர் எண்ணியையும் ஒட்டி வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதைக் கூட்டிக்கொண்டே போவது பழைய மருந்து. சுட்டியையும் எண்ணியையும் ஒரே அடியில் மாற்ற அகலமான கட்டளை வேண்டும். ஏஎம்டியின் தொடக்ககால 64-பிட் சில்லுகளில் 16 பைட் அகலத்துக்கு அது இல்லை. அதனால் 64-பிட் விண்டோஸ் இரண்டையும் 8 பைட்டுக்குள் நெருக்கியது. அந்த நெருக்கத்தின் விளைவாக ஒரு நிரலுக்கான முகவரி வெளி 8 டெராபைட்டோடு நின்றது. விண்டோஸ் 8.1 அகலக் கட்டளையைக் கட்டாயமாக்கிய பிறகே அது 128 டெராபைட்டாக உயர்ந்தது. ஓர் அடுக்கின் நுணுக்கச் சிக்கல் ஓர் இயங்குதளத்தின் உயரத்தையே இத்தனை ஆண்டுகள் தட்டி வைத்திருந்தது.

1996இல் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மகெட் மைக்கேலும் ஸ்காட்டும் வெளியிட்ட பூட்டற்ற வரிசை, இத்துறையில் மிக அதிகமாகக் கையாளப்பட்டவற்றுள் ஒன்று. கடைசிக் கணுவோடு புதிய கணுவை இணைப்பது ஒரு படி. வால் சுட்டியை நகர்த்துவது இன்னொரு படி. முதல் படியோடு ஓர் இழை நின்றுபோனால், அடுத்து வரும் இழை வால் பின்தங்கியிருப்பதைக் கண்டு அதைத் தானே நகர்த்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. இணைப்புப் பட்டியலில் இது இன்னும் கடினமாக இருந்தது. ஒருவர் 10 என்ற கணுவை நீக்கும் அதே வேளையில் மற்றவர் அதன் பின்னால் 20ஐச் சேர்த்தால், 20உம் சேர்ந்து காணாமல் போய்விடும். டிம் ஹாரிஸ் 2001இல் இதைத் தீர்த்தார்: நீக்கும் முன் 10இன் அடுத்த-சுட்டியில் கடைசி பிட்டைக் குறியிட்டுவிட்டால், அதன் பின்னால் சேர்க்க முயல்பவரின் ஒப்பீடு தோற்கும்.

எல்லா முயற்சியும் இப்படி முடியவில்லை. இரண்டு இடங்களை ஒரே அடியில் மாற்றும் கட்டளை இருப்பதாக வைத்துக்கொண்டு சன் நிறுவன ஆய்வாளர்கள் 2000இல் 'ஸ்னார்க்' என்ற இருமுனை வரிசையை வெளியிட்டார்கள். துறையின் பெரிய பெயர்கள் அதில் இருந்தன. முறைசார் நிறுவலுக்கு உட்படுத்தியபோது பிழைகள் வெளிவந்தன. 2004இல் அவை அச்சேறின. ஹைமனுக்கு நேர்ந்தது 38 ஆண்டுகள் கழித்து வல்லுநர்களுக்கும் நேர்ந்தது.

மைக்கேல்–ஸ்காட் வரிசையிலும் ஒரு சமரசம் உண்டு: விடுவித்த கணுக்கள் இயங்குதளத்துக்குத் திரும்பாமல் தனிப் பட்டியல் ஒன்றில் கிடக்கும். 2004இல் ஜாவா 5 அதே அல்காரிதத்தைத் தன் நூலகத்தில் சேர்த்தபோது, பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்கும் குப்பை திரட்டி இருந்ததால் சமரசமே தேவைப்படவில்லை. ஆனால் குப்பை திரட்டுவதற்காக எல்லா இழைகளையும் சற்று நேரம் நிறுத்தி வைக்கும் ஒரு மெய்நிகர் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு பூட்டற்ற வரிசை என்று பெருமைப்படுவதில் கொஞ்சம் வேடிக்கையும் இருக்கிறது.

அதே 2004 மே மாதம் இன்டெல் டேஜஸ் என்ற செயலித் திட்டத்தைக் கைவிட்டுப் பல்கோர் பக்கம் திரும்பியது. கடிகார வேகத்தை மேலும் ஏற்றினால் வெப்பத்தைச் சமாளிக்க முடியாது என்ற நிலை. ஆய்வுக்கூட இயந்திரங்களின் சிக்கல் இரண்டே ஆண்டுகளில் மேசைக் கணினிக்கு வந்துவிட்டது. சி, சி++ உலகுக்குக் குப்பை திரட்டி இல்லை. அங்கே இரண்டு வழிகள் போட்டியிட்டன. மகெட் மைக்கேலின் 'அபாயச் சுட்டி' முறையில், தான் படிக்கப்போகும் கணுவின் முகவரியை இழை பகிரங்கமாக எழுதி வைக்கிறது. அப்படி எழுதப்பட்ட எந்தக் கணுவையும் யாரும் விடுவிக்கக் கூடாது. விடுவிக்கக் காத்திருக்கும் கழிவு ஒருபோதும் வரம்பு மீறாது. ஆனால் ஒவ்வொரு கணுவுக்கும் ஓர் எழுத்தும், அதை மற்றவர் பார்த்துவிட்டதை உறுதிசெய்யும் தடுப்பும் செலவாகும். மற்றொன்று சீக்வென்ட் நிறுவனத்தில் மெக்கென்னியும் ஸ்லிங்வைனும் உருவாக்கி, 2002 அக்டோபரில் லினக்ஸுக்குள் வந்த ஆர்சியு. இதில் படிப்பவருக்கு ஏறத்தாழச் செலவே இல்லை. அப்போது படித்துக்கொண்டிருந்த அனைவரும் வெளியேறும்வரை விடுவிப்பவர்தான் காத்திருக்க வேண்டும். ஒரே ஓர் இழை உள்ளே தூங்கிவிட்டால் கழிவு மலையாகக் குவியும்.

வேகமும் வேண்டும், வரம்பும் வேண்டும் என்று இரண்டையும் கலந்து எத்தனையோ முறைகள் அதன்பின் வெளியாகின. 2023இல் காலி ஷெஃபியும் எரெஸ் பெட்ராங்கும் அந்த ஓட்டத்துக்கு ஓர் எல்லை போட்டார்கள். எளிதாகப் பொருத்த முடிவது, நின்றுபோன இழையால் கழிவு பெருகாமல் இருப்பது, பரவலான கட்டமைப்புகளுக்குப் பொருந்துவது ஆகிய மூன்றும் ஒரே நினைவக மீட்பு முறையில் அமைய முடியாது என்பது அவர்கள் நிறுவிய தேற்றம். சி++ தரக்குழு அதே ஆண்டில் சி++26 வரைவில் அபாயச் சுட்டி, ஆர்சியு இரண்டையும் சேர்த்தது. எதை எங்கே எடுப்பது என்பது நிரலாளரின் பொறுப்பு.