அழைப்பிதழில் இல்லாத தெரு



நினைவுப் பொழிவுக்குத் திருவிழா நோட்டீஸைக் கையில் எடுத்து வந்திருக்கிறோமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கல்வெட்டை வரலாற்றுச் சான்று என்கிறோம். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, எல்லை எதுவரை என்பதை அது சொல்கிறது. தமிழ்நாட்டின் ஒரு கத்தோலிக்கப் பங்கு ஆண்டுதோறும் அச்சிடும் திருவிழா அழைப்பிதழும் இதே மூன்றையும் சொல்கிறது. அதனால்தான் அதையும் சான்றாக எடுத்துக்கொள்கிறோம்.

அதன் அமைப்பு நமக்குப் பழக்கமானதே. மேலே புனிதரின் படம். கொடியேற்றம் தொடங்கி நாள்வாரியாக நிகழ்ச்சிகள். திருப்பலி நிறைவேற்றும் குரு, மறையுரைப் பொருள், அன்றைய உபயதாரர். பிறகு தேர்ப்பவனி, கூட்டுத் திருப்பலி, கொடியிறக்கம். அடியில் 'அனைவரும் வருக' என்ற வரியும், பங்குத்தந்தை, பங்குப்பேரவை, இறைமக்கள் என்ற கையொப்பமும். நாம் இதை வேறு வரிசையில் படிக்க வேண்டும். முதலில் உபயதாரர் பெயர்கள். அடுத்துத் தேர் போகும் தெருக்கள். கடைசியில்தான் அந்த 'அனைவரும்'.

அச்சுக்கு முன்னால் ஊருக்குச் சேதி சொன்னது பறை. சாவுக்கும் திருவிழாவுக்கும் அதை அடித்தவர்கள் நம் பாட்டன்மார். விரும்பி எடுத்துக்கொண்ட தொழில் அல்ல அது. ஊர் அவர்கள்மேல் சுமத்திய வேலை. திருவிழா வருகிறது என்று ஊரெல்லாம் அறிவித்தவருக்கே அந்தத் திருவிழாவில் இடம் இல்லை. பிறகு ஒலிபெருக்கி வந்தது, ஆப்செட் நோட்டீஸ் வந்தது, இப்போது ஃப்ளெக்ஸும் வாட்ஸ்அப்பும் யூடியூப் நேரலையும் வந்துவிட்டன. துபாயில் இருப்பவரும் தேரைப் பார்க்கலாம். தேர் வராத தெருவில் இருப்பவரும் அதைக் கைபேசியில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதன் மையத்தில் இருப்பது வரி. திருவிழா வரியை நாம் கொடுக்கத் தயாராக இருந்தும் வாங்க மறுப்பார்கள். பணம் வேண்டாம் என்பதல்ல காரணம். வரி வாங்கினால் கணக்குக் கேட்கும் உரிமை வரும். உபயம் கேட்கும் உரிமை வரும். தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்று சொல்லும் உரிமை வரும். காணிக்கை உண்டியலில் நம் காசு விழலாம், உண்டியல் பெயர் கேட்காது. வரி நோட்டில் பெயர் எழுத வேண்டும்.

இந்தப் பெயர்ப் பிரச்சினைக்கு நீண்ட வரலாறு உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910இல் கௌசானல் அடிகளார் அதை இடித்தார். வெள்ளாளர் வழக்குப் போட்டனர். ஆலயத்துக்குள் சாதிப்படி தனியிடம் கேட்கும் உரிமையைச் சென்னை உயர்நீதிமன்றமும் ஏற்கவில்லை. ஆலயத்துக்குள் சாதிக்குச் சட்ட உரிமை இல்லை என்பது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தீர்ந்த விஷயம். தெருவில் அது தீரவில்லை.

எறையூரை நினைத்துப் பாருங்கள். அங்கே தலித் கிறித்தவர்கள் தாங்கள் எழுப்பிய சகாய அன்னை ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை சுட்டதில் வன்னியக் கிறித்தவர்கள் இருவர் இறந்தனர். அந்த இரு உயிர்களையும் சாதிதான் பலிகொண்டது என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கில் திருவிழாவிலும் நிர்வாகத்திலும் ஒதுக்கப்படுகிறோம் என்று தலித் மக்கள் தொடுத்த வழக்கு, 2025இல் உச்ச நீதிமன்றம்வரை போனது.

திருச்சபை வாய்மூடி இருந்தது என்று சொல்ல முடியாது. 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் விடுதலைக்கெனக் கொள்கை ஆவணம் வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதுவே ஒப்புக்கொண்டது. ஆக, இறைமக்களில் பெரும்பான்மையினர் நாம். ஆனால் ரோமிலும் டெல்லியிலும் எழுதப்பட்ட வரிகள், பங்குப்பேரவைக் கூட்டத்தில் நோட்டீஸ் எழுதும்போது யார் நினைவுக்கும் வருவதில்லை.

இங்கேதான் நமக்கு ஒரு தந்திரப் பிழை நேர்கிறது. தேர் புறப்படும் இரவில் கேள்வி கேட்கிறோம். அப்போது அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிவிடும். வட்டாட்சியர் வருவார், சமாதானக் கூட்டம் நடக்கும், தேர் நிறுத்தப்படும். 'திருவிழாவைக் கெடுத்தவர்கள்' என்ற பழி நம் தலையில் விழும். மறு ஆண்டும் அதே நோட்டீஸ் வரும்.

அழைப்பிதழ் அச்சகத்துக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னால் நாம் போக வேண்டும். எழுத்தில் கேட்க வேண்டும்: வரி வாங்குங்கள், ரசீது கொடுங்கள், பத்து நாளில் எங்களுக்கு ஒரு நாள் உபயம், தேர் போகும் தெருக்களின் பெயரைப் போடுங்கள், அதில் எங்கள் தெருவின் பெயரும் இருக்கட்டும். மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். ஆயர் இல்லத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோக அந்தத் தாள் வேண்டும்.

மாணவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பழைய நோட்டீஸ்கள் நம் வீட்டுப் பெட்டிகளிலும் பைபிளுக்குள்ளும் கிடக்கின்றன. அவற்றைச் சேகரியுங்கள். ஒரு பங்கின் முப்பது ஆண்டு நோட்டீஸை வரிசையாக வைத்து, எந்தத் தெரு எந்த ஆண்டு உள்ளே வந்தது, எந்தத் தெரு வரவே இல்லை என்று குறித்து வாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டு வாருங்கள், இதே மேசையில் விரித்து வைத்துப் பேசுவோம்.