எக்ஸ்எல் வண்டியும் குட்டைச் சக்கரமும்

போன மாசம் கரியாலூர் போயிருந்தேன் மக்களே. கூட வந்தவங்க படகு விடப் போக, நான் மட்டும் பங்க்சர் கடை வாசல்ல நின்னுட்டேன். மரவள்ளி மூட்டை ஏத்துற எக்ஸ்எல் ஒண்ணு. பின்சக்கரத்துக்குத் தடிமனான ஸ்போக்ஸ் போட்டுப் பெண்டு எடுத்துட்டிருந்தார் கடைக்காரர்.

மொபெட்டுக்கு அம்மா சைக்கிள்தான். ஆனா நம்ம ஊர் சைக்கிளின் 28 இன்ச் சக்கரமும் ஒன்றரை இன்ச் டயரும் மிதிக்கிற வேகத்துக்கு அளவெடுத்தது. மோட்டார் மாட்டி வேகம் ரெண்டு மடங்கானா, குழியில விழுற அடி நாலு மடங்கு. நீளமான மெல்லிய கம்பி எத்தனை நாள் தாங்கும்?

1972ல் கைனடிக் கொண்டுவந்த லூனா, இத்தாலியின் பியாஜியோ சியாவோ வழி வந்த ஒல்லி உடம்பு. நம்மாளு ஒத்தையாவா போவான்? :-) 1980ல் ஓசூரில் சுந்தரம் கிளேட்டன் செய்த டிவிஎஸ் 50, ரெண்டு பேருக்குன்னே பொறந்தது. பின்னால வந்த எக்ஸ்எல்லுக்கு 16 இன்ச் சக்கரம், ரெண்டரை இன்ச் டயர். கம்பி குட்டையானா விறைப்பு கூடும். டயர் அகலமானா காத்து கூடும், குழி விளிம்பு ரிம்மை இடிக்காது. 2015ல் எக்ஸ்எல் 100 வந்தப்போ எஞ்சின் ஃபோர் ஸ்ட்ரோக் ஆச்சு. டயர் அளவு அதேதான்.

"இன்னும் அகலமா டயர் போடலாமே?"ன்னு கேட்டேன்.

"ஃபோர்க்குல உரசும்ணே. முதல்ல கம்பி" என்றார் கடைக்காரர்.

வண்டிக்காரர் மட்டும் சிரிக்கலை. "கச்சிராயபாளையம் இறங்குறதுக்குள்ள கம்பி விட்டுச்சுன்னா, மூட்டையோட நானும்தான் பள்ளத்துல."