ஒட்டும் வெட்டும்: டபுள் பேஸ் பராமரிப்பின் வரலாறு

ஐரோப்பிய இசைக்குழுவில் வில்லால் வாசிக்கப்படும் கருவிகளுள் மிகப் பெரியதான டபுள் பேஸின் மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தாலும், முதுகும் பக்கங்களும் பெரும்பாலும் மேப்பிள் மரத்தாலும் அமைவன. மரம் ஈரக்காற்றில் ரேகைக்குக் குறுக்கே உப்பி, வறண்ட காற்றில் சுருங்கும் இயல்புடையது. வயலினில் மயிரிழை அளவோடு நிற்கும் அந்த அசைவு, இத்தனை அகலமான பலகையில் எளிதில் வெடிப்பாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, இன்றைய உலோகத் தந்திகள் நான்கும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் அக்கூட்டை இழுத்துப் பிடிக்கின்றன.

இந்த நெருக்கடிக்குப் பழைய கைவினைஞர் கண்ட விடை, பலகைகளைப் பிரிக்க முடியாதபடி ஒட்டாமல் விடுவதே. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையை, அதாவது தச்சர்கள் வச்சிரம் என்று சொல்வதை, மேற்பலகையின் விளிம்பில் நீர்க்கவே பூசினர். குளிர்காலத்தில் பலகை சுருங்கும்போது மரம் பிளப்பதற்கு முன் ஒட்டு விட்டுக்கொடுக்கும். பழுதுபார்ப்பவர் விளிம்பைச் சுற்றி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்து, ஒலி பிசிறும் இடத்தில் மெல்லிய கத்தியை நுழைத்துப் பழைய பசையை வெந்நீரால் இளக்கி, புதுப் பசை இட்டு இடுக்கியால் இறுக்குவார். பலகையே வெடித்திருந்தால் மேற்பலகையை முழுதாகக் கழற்றி, வெடிப்புக்குக் குறுக்கே உட்புறம் சிறு மரத்துண்டுகளை ஒட்டுவார். நூற்றாண்டு கடந்த பல கருவிகளின் உட்புறம் இத்தகைய தழும்புகளால் நிறைந்திருப்பது குறையாகக் கருதப்படுவதில்லை.

கருவி இவ்வளவு எளிதில் பிரிந்துவருவதே அதை மாற்றியமைக்கும் துணிவையும் தந்தது எனலாம். வயலினின் உடல் பெரும்பாலும் தொடப்படாமல் நிற்க, டபுள் பேஸின் உடலையோ வாசிப்பின் தேவைக்கேற்ப வெட்டினர்: உயர்ந்த சுரங்களை எட்ட இடது கை தடையின்றி நகர வேண்டும் என்பதற்காக அகன்ற தோள்களைக் குறுக்கினர்; கழுத்தைப் புதிதாகப் பொருத்திக் கோணத்தைச் சாய்த்தனர். தந்திகளின் எண்ணிக்கையும் நிலைத்திருக்கவில்லை. ஆட்டின் குடலை முறுக்கிச் செய்த நரம்புகளே வழக்கில் இருந்த காலத்தில், மிகத் தடித்த நான்காவது நரம்பு வில்லுக்கு மந்தமாகவே பதிலளித்தது என்பதால், 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் மூன்று தந்திக் கருவியே செல்வாக்குப் பெற்றிருந்தது. வெனிஸில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற டொமெனிகோ டிராகொனெட்டி (1763–1846), அவருக்குப் பின்வந்த ஜொவான்னி பொட்டெசினி (1821–1889) ஆகிய இரு மேதைகளும் அதையே வாசித்தனர். இசையமைப்பாளர்கள் மேலும் தாழ்ந்த சுரங்களைக் கேட்கத் தொடங்கியபின் அக்கருவிகளில் தந்தியை முறுக்கும் நான்காவது பிருடைக்கு இடம் குடையப்பட்டது. அடைக்கப்பட்ட பழைய துளைகள் சில கருவிகளின் தலைப்பகுதியில் இன்றும் தெரிகின்றன.

20ஆம் நூற்றாண்டில் உலோகத் தந்திகள் பரவியதும் அன்றாடப் பராமரிப்பின் கவலைகள் இடம் மாறின. குடல் நரம்பு ஈரத்தில் உப்பும், நாளடைவில் இழை பிரியும். உலோகத் தந்திக்கு அத்தொல்லை இல்லை, ஆனால் அதன் இழுவிசை கூடுதல் என்பதால் பாரம் மேற்பலகைமீது விழுந்தது. தந்திகளைத் தாங்கி நிற்கும் மரப்பாலமான குதிரைக்கு அருகே, மேற்பலகைக்கும் முதுகுக்கும் இடையே பசையின்றி அழுத்தத்தாலேயே நிற்கும் ஸ்ப்ரூஸ் குச்சியான ஒலித்தூண், தந்திகளை ஒருசேரத் தளர்த்தினால் சாய்ந்துவிடக்கூடும். ஆகவே தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும். பருவத்துக்கேற்ப மேற்பலகை எழுந்தும் தாழ்ந்தும் தந்தியின் உயரத்தை மாற்றுவதால், சிலர் கோடைக்கு ஒரு குதிரையும் குளிர்காலத்துக்கு வேறொன்றும் வைத்திருந்தனர். பிற்காலத்தில் குதிரையின் கால்களில் பொருத்தப்பட்ட திருகுசக்கரங்கள் அந்த வேலையைக் குறைத்தன.

வெடிப்பையே ஒழித்துவிடும் முயற்சிகள் அமெரிக்காவில் நிகழ்ந்தன. அங்கே அலுமினியத் தகட்டால்கூட டபுள் பேஸ் செய்து பார்த்தனர். நிலைத்தது ஒட்டுப்பலகைதான்: சிகாகோவின் கே நிறுவனம் 1937 முதல் பிளைவுட் கருவிகளைத் தொழிற்சாலையில் தயாரித்தது. ரேகைகள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்ட பலகை எளிதில் பிளப்பதில்லை. வில்லுக்கு அதன் ஒலி சற்று மட்டமே என்றாலும், விரலால் மீட்டும் ஜாஸ் கலைஞர்களுக்கும், முரட்டுக் கைகளுக்குத் தாங்கும் கருவி தேவைப்பட்ட பள்ளிகளுக்கும் அது போதுமானதாக இருந்தது.